கற்கக் கற்றவர்

இரவில் விசையை அழுத்தியவுடன் வீடெங்கும் ஒளி பரவுகின்றது. ஆலைகளில் பொறிகள் சுழல்கின்றன. கிணற்று நீரை மின்சாரம் இறைத்து வயலுக்குப் பாய்ச்சுகின்றது. மின்சாரத்தைப் பிறப்பிக்கும் பொறிகளுள் சில அணை நீரால் சுழல்வன. சில நிலக்கரியின் அனலால் சுழல்வன. சில காற்றால் சுழல்வன. இவை யாவும் ஒரே உண்மையை அடிப்படையாகக் கொண்டவை. கம்பிச் சுருளின் அருகே காந்தமோ, காந்தத்தின் அருகே கம்பிச் சுருளோ அசையுமாயின் அக்கம்பியில் மின்னோட்டம் தோன்றும் என்பதே அவ்வுண்மை. 1831-ஆம் ஆண்டில் இதனைக் கண்டு உலகிற்கு விளக்கியவர் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர்.

இத்துணைப் பெரிய உண்மையைக் கண்டவர் பெரிய கல்லூரிகளிலே பயின்றவராய் இருப்பார் என்று எண்ணத் தோன்றும். ஆனால், பாரடேயின் பள்ளிப்படிப்பு எழுதுதல், படித்தல், கணக்கிடுதல் என்னும் மூன்றோடு முடிந்துவிட்டது. கல்லூரியில் அவர் மாணவராகச் சேர்ந்ததே இல்லை. தம் நினைவாற்றலை அவர் ஒருபோதும் நம்பியதில்லை. உயர் கணிதம் அவருக்கு இறுதிவரையிலும் கைவரவில்லை. எனினும், எவ்வாறு கற்கவேண்டும் என்பதை அவர் இளமையிலேயே ஆராய்ந்து தெளிந்தார்; தெளிந்த வழியில் எழுபது வயது கடந்தும் நடந்தார். அவ்வழியை அறிதல் மாணவர்க்குப் பெரிதும் பயன் தரும்.

இளமையும் வறுமையும்

மைக்கேல் பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் நாள், இன்று இலண்டன் மாநகரின் ஒரு பகுதியாக விளங்கும் நியூயிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாரடே ஒரு கருமான். உழைப்பில் குறைவற்றவராயினும் அவர் அடிக்கடி நோய்வாய்ப்பட்டு வருந்தினார். ஆதலால் குடும்பத்தில் வறுமை குடிகொண்டது. 1801-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தானியத்தின் விலை மிகவும் ஏறியது. அக்காலத்தில் சிறுவன் மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டியே கொடுக்க இயன்றது. ஒன்பது வயதுச் சிறுவன் அதனை ஏழு நாளைக்கும் வைத்து உண்ணவேண்டியிருந்தது.

இந்நிலையில் மேலும் படிப்பதற்கு வழி ஏது? 1804-ஆம் ஆண்டில், பதின்மூன்றாம் வயதை எட்டும் பருவத்தில், மைக்கேல் ஒரு புத்தகக் கடையில் ஏவல் செய்யும் சிறுவனாக அமர்ந்தான். கடையின் உரிமையாளர் ஜார்ஜ் ரீபோ என்பவர். அக்காலத்தில் செய்தித்தாள்களின் விலை மிகுதி. ஆதலின், அவற்றை வாடகைக்கு வாங்கிப் படிப்பது பலருக்கு வழக்கமாயிருந்தது. தாள்களை ஒவ்வொரு வீட்டிலும் சேர்ப்பதும், படித்து முடித்தபின் திரும்பப் பெற்று அடுத்த வீட்டிற்குக் கொண்டுசெல்வதும் மைக்கேலின் வேலை. சிறுவனின் ஒழுங்கையும் நேர்மையையும் கண்டு மகிழ்ந்த ரீபோ, மறு ஆண்டில், நூல்களைக் கட்டடம் செய்யும் தொழிலைப் பழகும் மாணவனாக அவனை ஏற்றுக்கொண்டார். தொழில் கற்பிப்பதற்கு அக்காலத்தில் பெற்றோர் பணம் செலுத்துதல் வழக்கம்; அப்பணத்தையும் அவர் வாங்கவில்லை.

புத்தகக் கடையே பள்ளிக்கூடம்

ஏழாண்டுக் காலம் பாரடே அக்கடையில் தொழில் பழகினார். கட்டடத்திற்காக வந்த நூல்களின் தாள்களை அடுக்கித் தைத்து அட்டையிட்டு அனுப்புவதே அவருடைய கடமை. அந்நூல்களின் உள்ளே இருப்பதை அறிய வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆயினும், வேலை முடிந்தபின் அவர் அவற்றைப் படிக்கலானார். ஒரு நாள் அவர் கைக்கு வந்த கலைக்களஞ்சியத் தொகுதி ஒன்றில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை இருந்தது. அதனைப் படித்த அளவில் அவர் மனத்தில் புதியதோர் ஆவல் எழுந்தது. ஜேன் மார்செட் என்னும் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய இரசாயன நூலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது.

அச்சில் வந்தமையால் மட்டும் அவர் எதனையும் உண்மை என்று கொள்ளவில்லை. நூலிற் கண்ட செய்திகளைத் தம் கையாற் செய்து பார்க்க விரும்பினார். கையிருப்போ சில காசுகளே. அச்சில்லறைக் காசுகளைச் சேர்த்து எளிய பொருள்களை வாங்கினார். கண்ணாடிப் புட்டியையும் மரத்துண்டுகளையும் கொண்டு மின்பொறி ஒன்றைத் தாமே செய்தார். மார்செட் அம்மையார் எழுதியவை தம் சோதனையிலும் உண்மையாகக் கண்டபோது, அந்நூலின்மீது அவருக்கு உறுதியான பற்று உண்டாயிற்று. புகழ் பெற்ற காலத்திலும் அவர் அந்நன்றியை மறக்கவில்லை. தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவ்வம்மையாருக்கு அனுப்பி மகிழ்ந்தார்.

அக்கடையில் அவர் கண்ட மற்றொரு நூல், ஐசக் வாட்ஸ் என்பார் மனத்தை மேம்படுத்தும் முறையைப் பற்றி எழுதியது. படித்தவற்றைக் குறித்துவைத்தல், அறிஞர் உரைகளைக் கேட்டல், நண்பரோடு கடிதம் எழுதி அறிவை வளர்த்தல், சொற்களைப் பொருள் தெளிந்து வழங்குதல் முதலியவற்றை அந்நூல் வற்புறுத்தியது. நல்லுரைகளைப் படித்துப் பாராட்டியபின் மறந்துவிடுவோர் பலர். பாரடேயோ அவற்றை ஒவ்வொன்றாகத் தம் வாழ்க்கையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். குறிப்பேடு ஒன்றை அமைத்து, நூல்களிலும் இதழ்களிலும் கண்ட அறிவியற் செய்திகளை அதில் எழுதிவரலானார்.

கேட்டதைக் காத்தல்

1810-ஆம் ஆண்டில் டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் அறிவியலைப் பற்றி மாலைநேரச் சொற்பொழிவுகள் நிகழ்த்திவந்தார். ஒவ்வொரு சொற்பொழிவிற்கும் கட்டணம் ஒரு ஷில்லிங். அத்தொகை பாரடேயிடம் இல்லை. கருமான் தொழில் செய்துவந்த அவர் தமையன் இராபர்ட், தம் உழைப்பால் வந்த பொருளிலிருந்து அதனைக் கொடுத்து உதவினார். தமையன் வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தில் கேட்கும் சொற்பொழிவை வீணாகக் கேட்கலாமா?

பாரடே கேட்ட முறை தனிச்சிறப்பு வாய்ந்தது. சொற்பொழிவு நிகழும்போது முக்கியமான சொற்களை மட்டும் சுருக்கமாகக் குறித்துக்கொள்வார். வீட்டிற்கு வந்தபின், நினைவு மங்குவதற்கு முன்னரே, அக்குறிப்புகளைத் துணையாகக் கொண்டு முழு உரையையும் விரித்து எழுதுவார். எழுதும்போது எவ்விடத்தில் தடை ஏற்படுகின்றதோ அவ்விடத்தைத் தாம் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்று அறிவார். கருவிகளின் படங்களையும் வரைந்து சேர்க்க விரும்பினார். அவருக்கு ஓவியம் தெரியாது. ரீபோவின் வீட்டில் தங்கியிருந்த பிரெஞ்சு ஓவியர் ஒருவரை வேண்டி, வரைதலைக் கற்றுக்கொண்டார். அதற்குக் கைம்மாறாக அவருடைய காலணிகளைத் துடைத்துக் கொடுத்தார். கற்பதற்காகச் செய்த அப்பணியை அவர் இழிவாக எண்ணவில்லை. இவ்வாறு எழுதிய குறிப்புகளைத் தாமே நான்கு தொகுதிகளாகக் கட்டடம் செய்தார்.

அந்தத் தொகுதிகளே அவருடைய வாழ்க்கையின் போக்கை மாற்றின. ரீபோ அவற்றைப் பெருமையுடன் தம் கடைக்கு வருவோரிடம் காட்டுவதுண்டு. அவ்வாறு அறிந்த டான்ஸ் என்னும் அன்பர், இராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியற் கழகத்தில் சர் ஹம்பிரி டேவி நிகழ்த்தும் சொற்பொழிவுகளைக் கேட்க, 1812-ஆம் ஆண்டில், பாரடேக்கு நுழைவுச்சீட்டுகளைக் கொடுத்தார். டேவி அந்நாளில் புகழின் உச்சியில் இருந்த இரசாயன அறிஞர். அவருடைய நான்கு சொற்பொழிவுகளை இருபது வயது இளைஞராகிய பாரடே மாடத்தில் அமர்ந்து கேட்டார். வழக்கம்போல் அவற்றை விரித்து எழுதிப் படங்கள் வரைந்து, முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாகக் கட்டடம் செய்தார்.

அவ்வாண்டு அக்டோபரில் தொழில் பழகும் காலம் முடிந்தது. இனி வாழ்நாள் முழுவதும் நூற்கட்டடமே தொழிலாகிவிடுமோ என்னும் கவலை அவரை வாட்டியது. டிசம்பர் மாதத்தில் துணிவுடன் டேவிக்கு ஒரு கடிதம் எழுதி, தாம் கட்டடம் செய்த நூலையும் உடன் அனுப்பினார். டேவி அதனைப் பாராட்டினார். ஆனால், அப்போது இடம் எதுவும் இல்லை. அறிவியல் வாழ்வில் பொருள் வருவாய் குறைவு என்றும், பழகிய தொழிலை விடாதிருத்தல் நன்று என்றும் அறிவுரை கூறினார். சில வாரங்களில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் விலக்கப்படவே, டேவிக்குப் பாரடேயின் நினைவு வந்தது. 1813-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் நாள் பாரடே அப்பணியில் அமர்ந்தார். ஊதியம் வாரத்திற்கு 25 ஷில்லிங். தங்குவதற்கு மாடியின் உச்சியில் இரண்டு அறைகள்.

பயணமும் பயிற்சியும்

அதே ஆண்டு அக்டோபரில் டேவி, ஐரோப்பிய நாடுகளில் பயணம் செய்யப் புறப்பட்டபோது, பாரடேயையும் உடன் அழைத்துச் சென்றார். பாரிஸ் நகரில் டேவி அயோடினை ஆராய்ந்ததையும், பிளாரன்சு நகரில் பெரிய கண்ணாடி வில்லையால் கதிரவன் ஒளியைக் குவித்து வைரத்தை எரித்ததையும் பாரடே அருகிலிருந்து கண்டார். ஆம்பியர், வோல்ட்டா போன்ற பேரறிஞர்களைச் சந்தித்தார். பிரெஞ்சு மொழியையும் இத்தாலிய மொழியையும் பயின்றார்.

ஆனால், அப்பயணம் இன்பமாகவே கழியவில்லை. உடன் வரவிருந்த ஏவலாளர் கடைசி நேரத்தில் மறுத்துவிட்டமையால், அவர் செய்யவேண்டிய பணிகளும் பாரடேமீதே விழுந்தன. டேவியின் மனைவியார் அவரை ஏவலாளராகவே நடத்தினார். அவமதிப்பைப் பொறுக்கமாட்டாமல் ஊர் திரும்பிவிடலாமா என்றும் பாரடே எண்ணியதுண்டு. கற்கக் கிடைத்த வாய்ப்பு ஒரு பக்கம். பட்ட மனவேதனை ஒரு பக்கம். இரண்டையும் எண்ணிப் பார்த்து, கற்பதையே அவர் பெரிதாகக் கொண்டார். 1815-ஆம் ஆண்டு ஏப்ரலில் இலண்டனுக்குத் திரும்பியபோது, உலகத்தையும் மனிதரையும் அறிந்த இளைஞராக அவர் விளங்கினார்.

குறை கேட்டுத் திருந்துதல்

தம் குறைகளைத் தாமே காண்பது அரிது என்பதைப் பாரடே நன்கு உணர்ந்திருந்தார். ஆகையால் பிறருடைய கண்களைத் துணையாகக் கொண்டார். பெஞ்சமின் அபட் என்னும் நண்பருக்கு 1812-ஆம் ஆண்டு முதல் நீண்ட கடிதங்கள் எழுதினார். நலம் விசாரிப்பது மட்டும் அவற்றின் நோக்கமன்று. தாம் செய்த சோதனைகளை மற்றவருக்கு விளங்குமாறு எழுதிப் பழகுவதே முதன்மையான நோக்கமாகும். மேலும், நண்பர் சிலர் கூடி ஒரு சிறு குழுவாயினர். ஒருவர் படிக்க, மற்றவர் அவருடைய உச்சரிப்பையும் சொல்லமைப்பையும் தாட்சணியமின்றித் திருத்துவர். அக்குழுவில் பாரடேயும் ஒருவர்.

சிறந்த சொற்பொழிவாளர் ஆகவேண்டும் என்று எண்ணியபோது, முதலில் அவர் பிறருடைய சொற்பொழிவுகளை ஆராய்ந்தார். மண்டபத்தின் அமைப்பு, காற்றோட்டம், கருவிகளை வைக்கும் இடம், பேசுவோரின் நிலை, கேட்போர் சோர்வடையும் நேரம் ஆகிய யாவற்றையும் கவனித்து எழுதினார். பின்னர், சொல்வன்மை கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் பயின்றார். தாம் பேசும்போது, தம் நண்பர் மக்ராத் என்பவரை அவையில் அமரச்செய்து, பேச்சில் காணும் பிழைகளைக் குறித்துத் தருமாறு வேண்டினார். விரைந்து பேசுவது தம் குறை என்று அறிந்தபின், மெதுவாகப் பேசுமாறு நினைவூட்டும் அட்டை ஒன்றைத் தம்முன் வைக்கச் செய்தார். புகழ் பெற்றபின்னும் அவ்வட்டையை அவர் அகற்றவில்லை. ஒரு முறை திருந்திய பிழை மீண்டும் வராது என்று அவர் இறுமாந்திருக்கவில்லை.

தானே செய்து பார்த்தல்

1820-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்ஸ்டெட், மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். ஐரோப்பா எங்கும் அறிஞர்கள் இதுபற்றி ஆராய்ந்து பல கட்டுரைகளை வெளியிட்டனர். மறு ஆண்டில், இவற்றையெல்லாம் தொகுத்து ஒரு வரலாறு எழுதித் தருமாறு இதழாசிரியர் ஒருவர் பாரடேயை வேண்டினார். பிறர் எழுதியவற்றைச் சுருக்கி எழுதினாலே அவ்வேலை முடிந்திருக்கும். பாரடே அவ்வாறு செய்யவில்லை. கட்டுரைகளிற் கண்ட சோதனைகளைத் தாமே மீண்டும் செய்து பார்த்தார். பார்த்தவிடத்து, முன்னையோர் காணாத ஒன்று அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. 1821-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், மின்னோட்டம் செல்லும் கம்பி காந்தத்தைச் சுற்றி இடைவிடாமல் சுழலுமாறு அவர் செய்துகாட்டினார். மின்சாரத்தால் சுழலும் பொறிகளின் தோற்றுவாய் அதுவே. கடைச் சிறுவனாய் இருந்தபோது கொண்ட பழக்கம் முப்பதாம் வயதில் இத்தகைய பயனைத் தந்தது.

மின்சாரத்தால் காந்த விளைவு தோன்றுமாயின், காந்தத்தால் மின்சாரம் தோன்றாதோ? இவ்வினா அவர் மனத்தை விட்டு அகலவில்லை. 1820-க்குப் பிந்திய ஆண்டுகளில் அவர் பன்முறை முயன்றும் பயனில்லை. 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் நாள், ஆறு அங்குலக் குறுக்களவுள்ள தேனிரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பியைச் சுற்றினார். ஒரு சுருளை மின்கலத்தோடு இணைத்தார். மற்றொரு சுருளின் கம்பிக்கு அருகே காந்த ஊசியை வைத்தார். இணைத்த கணத்தில் ஊசி அசைந்தது. உடனே பழைய நிலைக்கு மீண்டது. இணைப்பை நீக்கிய கணத்தில் மீண்டும் அசைந்தது.

நிலையான மின்னோட்டத்தையே யாவரும் எதிர்நோக்கியிருந்தனர். அவ்வெதிர்பார்ப்பு மனத்தை நிறைத்திருந்தால், கணப்பொழுது நிகழ்ந்த அச்சிறு அசைவு கண்ணிற்படாமல் போயிருக்கும். பாரடேயோ, தாம் விரும்பியது நிகழவில்லையே என்று சோராமல், நிகழ்ந்தது என்ன என்று நோக்கினார். மாற்றம் உள்ளபோதே மின்சாரம் தோன்றுகின்றது என்பதை உணர்ந்தார். அக்டோபர் மாதம் 17-ஆம் நாள், கம்பிச் சுருளினுள் காந்தத்தைச் செலுத்தியும் வெளியே எடுத்தும் மின்னோட்டத்தைத் தோற்றுவித்தார். 28-ஆம் நாள், பெரிய காந்தத்தின் முனைகளுக்கு இடையே செப்புத் தட்டைச் சுழற்றி, இடைவிடாத மின்னோட்டத்தையும் பெற்றார். இன்றைய மின்னாக்கப் பொறிகளின் முன்னோடி அச்செப்புத் தட்டே ஆகும்.

நினைவிற்கு ஒரு துணை

நினைவாற்றலில் தமக்கு இருந்த குறையை மறைக்கவோ அதற்காக வருந்திச் சும்மா இருக்கவோ பாரடே விரும்பவில்லை. செய்த சோதனைகளை நாள்தோறும் எழுதிவைத்தார். 1832-ஆம் ஆண்டு முதல் நாட்குறிப்பின் பத்திகளுக்குத் தொடர்ந்து எண் இட்டுவந்தார். 1860-ஆம் ஆண்டில் அவ்வெண் 16,041 ஆயிற்று. வெற்றியைப் போன்றே தோல்வியையும் அவர் எழுதினார். ஒரு பத்தியிலிருந்து மற்றொரு பத்திக்குச் செல்ல அவ்வெண்கள் வழிகாட்டின. 1839-ஆம் ஆண்டின் இறுதியில் கடும் உழைப்பால் அவர் உடல் நலிந்தது. நினைவு மேலும் தளர்ந்தது. சில ஆண்டுகள் ஆராய்ச்சியைப் பெரும்பாலும் நிறுத்த நேர்ந்தது. ஆயினும், மீண்டும் ஆய்வுக்கூடத்திற்குத் திரும்பியபோது, அவருடைய முன்னைய உழைப்பு முழுவதும் ஏட்டில் அழியாமல் காத்திருந்தது. 1845-ஆம் ஆண்டில், காந்தம் ஒளியின்மீதும் செயற்படும் என்னும் அரிய உண்மையை அவர் கண்டார். அதற்குப் பயன்பட்ட கனத்த கண்ணாடி, பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பணிக்காக அவரே உருக்கி வார்த்தது. ஒரு காலத்தில் சிறு பயனே தந்த உழைப்பு மற்றொரு காலத்தில் பெரும்பயன் தருவதற்கு இது சான்றாகும்.

கேட்க நாணாமை

தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதற்குப் பாரடே ஒருபோதும் நாணியதில்லை. மின்சாரத்தால் பொருள்கள் பிரிவதை ஆராய்ந்தபோது, புதிய கருத்துகளுக்குப் புதிய சொற்கள் தேவைப்பட்டன. அவருக்குக் கிரேக்க மொழி தெரியாது. ஆகவே, 1834-ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெல் என்னும் புலவரின் உதவியை நாடினார். ஆனோடு, கேத்தோடு, அயான் என இன்று உலகெங்கும் வழங்கும் சொற்கள் இவ்வாறு பிறந்தவை.

கணிதக் குறை இதனினும் பெரிது. காந்தத்தைச் சுற்றிலும் விசைக் கோடுகள் பரந்துள்ளன என்று பாரடே கருதினார். இரும்புத்தூள் வளைவு வளைவாக அமைவதை நோக்கி, அக்கோடுகளை அவர் மனக்கண்ணால் கண்டார். கணித வடிவில் இல்லாமையால் அறிஞர் பலர் இக்கருத்தைப் பொருட்படுத்தவில்லை. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் இளைஞர் இதன் அருமையை உணர்ந்து, கணிதமாக வடித்துக் கட்டுரை எழுதிப் பாரடேக்கு அனுப்பினார். 1857-ஆம் ஆண்டில் பாரடேக்கு வயது 66, மாக்ஸ்வெல்லுக்கு 26. உலகம் போற்றும் முதியவர் அவ்விளைஞருக்குக் கடிதம் எழுதினார். கணிதத்தால் கண்ட முடிவுகளை, கணிதம் அறியாதவரும் சோதித்துப் பார்க்கத்தக்க எளிய சொற்களில் எழுத இயலாதா என்று வேண்டினார். தம் அறியாமையை ஒளியாமல் உரைத்த அக்கடிதம், அவருடைய பெருமையைக் குறைக்கவில்லை, வளர்த்தது. கணிதம் அவருக்குக் கைவரவில்லை என்பது உண்மையே. ஆயினும், யாரிடம் எதைக் கேட்கவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

மனத்திற்குக் காவல்

1853-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு விந்தை பரவியது. பலர் மேசையைச் சுற்றி அமர்ந்து அதன்மேல் கைகளை வைப்பர். சற்று நேரத்தில் மேசை தானே திரும்பும். ஆவிகளின் செயல் என்றனர் சிலர். மின்சாரத்தின் செயல் என்றனர் வேறு சிலர். பாரடே இதனையும் சோதித்தார். அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே இளகிய பசையிட்டு, மேசைமேல் வைத்தார். அமர்ந்தவர்கள் அவற்றின்மேல் கைகளை வைத்தனர். மேசை கைகளை இழுத்திருந்தால் கீழ் அட்டை முதலில் நகர்ந்திருக்கவேண்டும். ஆனால், மேல் அட்டையே முதலில் நகர்ந்தது. தாம் அறியாமலே கைகள்தாம் மேசையைத் தள்ளின என்பது விளங்கிற்று.

நேர்மையான மக்களும் இவ்வாறு தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வது அவரைச் சிந்திக்கச் செய்தது. 1854-ஆம் ஆண்டில் மனப்பயிற்சியைப் பற்றி அவர் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். மனிதன் தான் விரும்புவதை எளிதில் நம்பிவிடுகின்றான். விரும்பாததற்குச் சான்று மிகுதியாகக் கேட்கின்றான். ஆகையால், தன் விருப்பத்திற்கு ஏற்றதாகத் தோன்றும் கருத்தையே மிகவும் கடுமையாகச் சோதிக்கவேண்டும் என்பது அவர் அறிவுறுத்திய கருத்து. உறுதியான சான்று கிடைக்கும்வரை முடிவு கூறாமல் காத்திருப்பதும் கல்வியின் ஒரு பகுதியே என்றும், இப்பயிற்சி வாழ்நாள் முழுவதும் தொடரவேண்டும் என்றும் அவர் எடுத்துரைத்தார்.

கற்பித்துக் கற்றல்

இராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் விடுமுறைதோறும் சிறுவர் சிறுமியர்க்கு அறிவியற் சொற்பொழிவுகள் நடைபெற்றன. 1827-ஆம் ஆண்டு முதல் 1861-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை பத்தொன்பது விடுமுறைகளில் பாரடே அவற்றை நிகழ்த்தினார். மெழுகுவர்த்தியைப் பற்றி அவர் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள் நூலாக வெளிவந்து, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டன. மெழுகு உருகுவது ஏன்? உருகிய மெழுகு திரியில் ஏறுவது எப்படி? சுடரின் நடுவே இருள் ஏன்? எரிந்தபின் மெழுகு எங்கே போயிற்று? இவ்வாறு கேட்டுக் கேட்டு, ஒரு சிறு சுடரைக் கொண்டே நீரின் இயல்பையும், காற்றின் இயல்பையும், மனிதன் விடும் மூச்சின் தன்மையையும் அவர் விளக்கினார். எளிய பொருளையும் ஊன்றி நோக்கினால் அரிய அறிவு பெறலாம் என்பதைக் குழந்தைகள் கண்டு களித்தனர். குழந்தைக்கு விளங்குமாறு கூறும் பொருட்டுத் தம் கருத்தை அவரும் மீண்டும் மீண்டும் தெளிவாக்கிக்கொண்டார்.

இறுதிவரை மாணவர்

அரசு அளிக்க முன்வந்த பட்டத்தைப் பாரடே ஏற்கவில்லை. இராயல் சங்கத்தின் தலைமைப் பதவி தேடி வந்தபோதும் மறுத்துவிட்டார். ஆய்வுக்கூடமே அவருக்கு உகந்த இடமாயிற்று. 1862-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், எழுபதாம் வயதில், ஒரு சோதனை செய்தார். சுடரின் ஒளியைப் பல நிறங்களாகப் பிரித்து, வலிய காந்தத்தால் அவ்வொளியில் மாறுதல் உண்டாகின்றதா என்று பார்த்தார். மாறுதல் எதுவும் தென்படவில்லை. தென்படவில்லை என்பதையே அவர் உள்ளவாறு எழுதிவைத்தார்.

அம்முயற்சி வீணாகவில்லை. பாரடே இத்தகைய சோதனையில் ஈடுபட்டார் என்பதைப் பிற்காலத்தில் படித்த டச்சு நாட்டு அறிஞர் பீட்டர் சீமன், பாரடே போன்றவர் தேடியதாயின் அது மீண்டும் தேடத்தக்கதே என்று எண்ணினார். 1896-ஆம் ஆண்டில், மேலும் நுட்பமான கருவிகளைக் கொண்டு முயன்று, பாரடே காணாத மாறுதலைக் கண்டார். அதற்காக 1902-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நேர்மையாக எழுதிவைத்த தோல்வி, பின்வருவோர்க்கு வழித்துணையாயிற்று.

பாரடே 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25-ஆம் நாள், ஹாம்ப்டன் கோர்ட்டில் தமக்கு அளிக்கப்பட்டிருந்த இல்லத்தில், நாற்காலியில் அமர்ந்தவாறே அமைதியாக உயிர் நீத்தார்.

கேட்டதை அன்றே எழுதுதல், எழுதியதைச் செய்து பார்த்தல், பிறருக்கு விளக்கிக் கூறுதல், குறையைக் கேட்டுத் திருந்துதல், தெரியாததைத் தெரியாது என ஒப்புதல் ஆகியவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. வாரத்திற்கு ஒரு ரொட்டி உண்டு வளர்ந்த சிறுவனுக்கு இயன்றது எம்மாணவர்க்கும் இயலும். பள்ளியில் பெறும் பாடங்களுள் சில காலப்போக்கில் மறந்துபோகலாம். சில மாறியும் போகலாம். கற்கும் முறையைக் கைக்கொண்டவர்க்கோ எந்த வயதிலும் புதிய பாடம் காத்திருக்கின்றது. ஒரு குறிப்பேட்டை வாங்கி, இன்று கேட்ட பாடத்தை இன்றே தம் சொற்களில் எழுதத் தொடங்குவதே பாரடேக்கு மாணவர் செய்யத்தக்க நல்ல வணக்கமாகும்.